பொப்பிசைச் சக்கரவர்த்தி ஏ. ஈ. மனோகரன்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு பழைய கசெட் பெட்டி இருக்கிறது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அதைத் திறக்காமல் போவதில்லை. திறந்தால் கேள்விதான். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 22ஆம் திகதி நான் மனோகரனின் பாட்டுகளைப் போடுவேன், அன்றைக்கு அயலவர்களும் கேட்பார்கள். "மாமி, ஒரே பதிலை எத்தனை தரம் சொல்லுவீங்கள், எழுதி வையுங்கோ" என்றாள் மருமகள். சரி, எழுதிவிட்டேன்.

மனோகரன் யார்?

ஏ. ஈ. மனோகரன் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசைப் பாடகர். மேடையில் பாடியவர், வானொலியில் ஒலித்தவர், படங்களில் நடித்தவர். பைலா என்கிற ஆட்டப் பாட்டைத் தமிழுக்குள் கொண்டுவந்து, கதிரையில் கைகட்டி உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களை எழும்பி ஆட வைத்தவர். "பொப்பிசைச் சக்கரவர்த்தி" என்று மக்கள் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். சிறுநீரக நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். வயது 73.

சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் "சிலோன் மனோகர்" என்கிறார்களே, அவர் வேறு ஆளா?

ஒரே ஆள்தான். இந்தியாவில் அவருக்குப் பெயர் சிலோன் மனோகர். 1972இல் நாடு குடியரசாகி "சிலோன்" என்ற பெயர் போனது. ஆனால் அவருடைய பெயரிலிருந்து அது போகவில்லை. சென்னையில் கடைசிக் காலம் வரைக்கும் எங்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு இருந்தாரே என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும்.

"சுராங்கனி" பாட்டுக்கு என்ன அர்த்தம்?

நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பல்லவியை "சுராங்கனிக்கா மாலு கண்ணாவா" என்று பாடுவார்கள். அர்த்தம் தெரியாமல் பாடினாலும் சந்தோசமாகப் பாடுவார்கள். சிங்களத்தில் அது "சுராங்கனீட்ட மாலு கெனாவா". சுராங்கனி ஒரு பெண்ணின் பெயர். மாலு என்றால் மீன். கெனாவா என்றால் கொண்டுவந்தேன். "சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தேன்", அவ்வளவுதான். அடுத்து வருகிற "மாலு மாலு மாலு, தேன் கெனாப்பு மாலு" என்பது "மீன், மீன், மீன், இப்பதான் கொண்டுவந்த மீன்". அதில் வருகிற "தேன்" எங்கள் தேன் இல்லை. சிங்களத்தில் "இப்போது" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மீனில் எங்கே தேன் வந்தது என்று சின்ன வயதில் நானும் யோசித்திருக்கிறேன்.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இது வெறும் பாட்டு வரி இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஒழுங்கைக்குக் காலை எட்டு மணிபோல ஒரு மீன்காரர் சைக்கிளில் வருவார். பின் கரியரில் மரப்பெட்டி, பெட்டிக்கு மேலே தராசு, பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தார் ரோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வரும். "மாலு, மாலு, மாலு" என்று மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாவது "மாலு" கொஞ்சம் நீளும். அம்மா சட்டியோடு வாசலுக்குப் போவா. சாளை இருந்தால் சாளை, கையில் காசு இருந்தால் அறக்குளா. அம்மா தமிழில் பேரம் பேசுவா, அவர் சிங்களத்தில் விலை சொல்லுவார், இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கும். பிறகு ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டபோது, எங்கள் வாசலில் நின்ற மீன்காரரை யாரோ பாட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்தப் பாட்டு அவருடைய சொந்தப் பாட்டா?

பல்லவி சிங்கள பைலாவிலிருந்து வந்தது. மனோகரன் செய்தது என்னவென்றால், அந்தச் சிங்களப் பல்லவியோடு தமிழ் வரிகளைச் சேர்த்து, ஒரே பாட்டில் இரண்டு மொழியையும் ஆட விட்டார். பல்லவியைச் சிங்களவர் பாடினால் சரணத்தைத் தமிழர் பாடலாம். இலங்கையைத் தாண்டி அதை அறிய வைத்ததும் அவருடைய குரல்தான். அதன் பிறகு இளையராஜா 1977இல் வந்த "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் அதை வைத்தார். மலேசியா வாசுதேவன் பாடினார். அதைக் கேட்டுவிட்டு "இது தமிழ்ப்படப் பாட்டுத்தானே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அது எங்கிருந்து கப்பலேறிப் போனது என்பதைச் சொல்லாமலும் விட மாட்டேன்.

பைலா என்றால் என்ன? பொப் என்றால் என்ன? இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் எங்களுக்கு இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் வந்தன.

பைலா போர்த்துக்கேயர் காலத்து மிச்சம். அவர்கள் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறியது, சொற்கள் போகவில்லை. நாங்கள் காலையில் சாப்பிடுகிற பாண், உட்காருகிற கதிரை, சாப்பாட்டு மேசை, காலில் போடுகிற சப்பாத்து, உடுப்பு வைக்கிற அலுமாரி, திறந்து பார்க்கிற ஜன்னல், எல்லாம் போர்த்துக்கேயச் சொல்தான். பைலாவும் அப்படித்தான். அவர்கள் மொழியில் ஆடுவதற்குப் "பைலார்" என்று பெயர். போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மக்களின் தாளமும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் பாட்டும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா, பைலா என்று இங்கே நிலைத்தன. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் அந்த ஆபிரிக்க வழிவந்தவர்கள் இன்றும் தங்கள் பாட்டுகளைப் பாடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே தமிழ் பேசுகிற கிழக்குக்கு இந்தத் தாளம் புதிதே இல்லை. சிங்களத்தில் பைலாவை எல்லோருக்கும் உரியதாக்கியவர் வொலி பஸ்தியன். அவர் பொலிஸில் வேலை பார்த்தவர்.

பொப் வேறு வழியாக வந்தது. 1960களில் கொழும்பில் இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிற்றார் பிடிக்கத் தொடங்கினார்கள். சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு வந்தார். தமிழில் எங்கள் பையன்களும் வந்தார்கள். கிற்றார், ட்ரம்ஸ், பொங்கோ, நாங்கள் வீட்டில் பேசுகிற தமிழ், பைலாத் தாளம், எல்லாம் சேர்ந்த இசைக்குத்தான் இங்கே "பொப்" என்று பெயர் விழுந்தது. தமிழ்நாட்டில் "பாப்" என்று எழுதுவார்கள். எங்களுக்குப் பொப்தான்.

தாளத்தை எப்படிப் பிடிப்பது?

ஆறு எண்ணிக்கை. ஒன்று இரண்டு மூன்று, நாலு ஐந்து ஆறு. ஒன்றிலும் நாலிலும் அழுத்தம். மேற்கத்திய இசைக்காரர் ஆறுக்கு எட்டு என்பார்கள். எங்கள் வழியில் சொன்னால் திஸ்ரம்: தகிட தகிட. மேசையில் கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையால் "த", விரல் நுனிகளால் "கிட". வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். தோள் தானாக அசையத் தொடங்கும்.

இந்தத் தகிட எங்கே கேட்ட மாதிரி இருக்கிறது? காவடிச் சிந்தில். ஆடிவேல் திருவிழாவுக்குக் காலி வீதியில் காவடி வரும்போது எங்கள் கால் எந்தத் தாளத்துக்குத் துள்ளுகிறதோ அதற்குப் பக்கத்து வீட்டுத் தாளம்தான் பைலா. அந்நிய இசை, எங்களுக்கு ஒட்டாது என்று அந்தக் காலத்தில் சில பெரியவர்கள் சொன்னார்கள். கால்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். மனோகரன் கால்களிடம் கேட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்ப் பொப்பை அவர்தான் தொடங்கினாரா?

அப்படிச் சொன்னால் மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே" தெரியாத இலங்கைத் தமிழர் யாரும் இருக்க முடியாது. தமிழ்ப் பொப்பின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள், பொருத்தமான பெயர். திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஷ் வந்தார், அவருடைய "உனக்குத் தெரியுமா" இன்றைக்கும் மனதை இளக வைக்கும். எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்டான்லி சிவானந்தன் என்று இன்னும் பலர். ஒரு தலைமுறையே ஒன்றாக எழும்பிய காலம் அது.

அவர்களுக்குள் மனோகரனிடம் எனக்குப் பிடித்தது அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, நிறையச் சிரிப்பு. பாடும்போது உதடு சிரித்துக்கொண்டிருப்பது காதுக்குத் தெரியும். சுருதி சுத்தமாகப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். கேட்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிப் பாடுகிறவர்கள் சில பேர்தான்.

ஏன் அந்தக் காலத்தில் மட்டும் அப்படி ஒரு எழுச்சி?

1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகள் முன்போல வரவில்லை. பாணுக்குக் கியூவில் நின்ற காலம், அதை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளூர்க் கதை, உள்ளூர்ப் பாட்டு, உள்ளூர்ப் படத்துக்கு அப்போது ஒரு இடம் கிடைத்தது. அதோடு வானொலி. 1925இல் தொடங்கி, பிறகு ரேடியோ சிலோனாகி, 1967இல் கூட்டுத்தாபனமான அந்த நிலையத்தின் தமிழ்ச் சேவையைக் கடல் கடந்து தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒலிபரப்பான பாட்டு இராமநாதபுரத்துத் தேநீர்க் கடையிலும் கேட்கும். மனோகரனின் பெயர் இங்கிருந்து அங்கே போனதற்கு அது பெரிய உதவி.

அவர் நடித்தும் இருக்கிறாரா?

ஓம். இங்கே முக்கியமான படம் "வாடைக்காற்று", 1978. செங்கை ஆழியானின் நாவல், பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். மீனவர் வாழ்க்கை. இலங்கைத் தமிழ்ப் படங்களில் நல்லவை என்று எண்ணினால் அது கட்டாயம் வரும். பிறகு இந்தியாவில் தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக நிறைய வந்தார். அந்தப் படங்களை நான் தேடிப் பார்ப்பதில்லை. அவர் அடிவாங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

"அதெல்லாம் பார்ட்டிப் பாட்டு, அதுக்கெல்லாம் அஞ்சலியா?" என்று கேட்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு இசை இருந்தது. ஒன்று சபா இசை. வெள்ளிக்கிழமை சுத்தமாக உடுத்துக்கொண்டு போய், கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் கேட்கிறது. அதிலும் எனக்கு ஆசைதான், ஆறு வருடம் சங்கீதம் படித்தவள் நான். மற்றது சென்னையிலிருந்து வருகிற சினிமா இசை. அதில் உலகத்திலுள்ள அழகெல்லாம் இருந்தது, எங்கள் ஒழுங்கை மட்டும் இல்லை. மாமி, மச்சாள், பாண், மீன்காரர், காலி வீதி பஸ், பக்கத்து வீட்டுச் சிங்களம், இவை எதுவும் ஒரு பாட்டுக்குள் வரலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மனோகரனும் அவருடைய கூட்டாளிகளும் சொன்னார்கள். நாங்கள் பேசுகிற தமிழ் பாடுவதற்குத் தகுதியான தமிழ், எங்கள் உடம்பு ஆடத் தகுதியான உடம்பு என்று சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்பதை அந்தப் பிள்ளையாக இருந்த எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த நகரத்தில் இரண்டு மொழிக்காரரும் ஒருவரையொருவர் பயத்தோடு பார்க்கிற காலம் வந்ததோ, அந்த நகரத்தில்தான் அவர் இரண்டு மொழியையும் ஒரே வாயால் சிரித்துக்கொண்டு பாடினார். சோகத்தைப் பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் அஞ்சலி என்று ஒரு சட்டமும் இல்லை.

நீங்கள் அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. ஒரு தரம்கூட இல்லை. எனக்கு அவர் ஒரு குரல், ஒரு கசெட் உறையில் ஒரு முகம்.

அந்தக் கசெட் எப்படித் தப்பியது?

அப்பா கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு ரேடியோ கசெட் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்து, அறிவிப்பாளர் பெயர் சொன்னவுடன் இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்திப் பதிவு செய்வார். நாங்கள் இருமக்கூடாது. மூன்று கசெட் மனோகரனுக்கும் மற்றப் பொப் பாடகர்களுக்கும் என்று ஒதுக்கி, நீல மையில் பாட்டு வரிசை எழுதி வைத்திருந்தார்.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. ரேடியோ, இசைத்தட்டுகள், என்னுடைய சுருதிப்பெட்டி, எல்லாம் போயிற்று. அகதி முகாம், பிறகு யாழ்ப்பாணம். இரண்டு வருடம் கழித்துக் கொழும்புக்குத் திரும்பி வந்தோம். எங்கள் ஒழுங்கையின் முனையில் இருந்த சிங்களக் குடும்பத்துப் பையன் வாசலுக்கு வந்தான். ஜூலைக்கு முதல் வாரம் தன் பிறந்தநாளுக்குப் போட என்று அப்பாவிடம் ஒரு கசெட் இரவல் வாங்கியிருந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா வாங்கிக்கொண்டு "பாட்டெல்லாம் ஒழுங்காக் கேட்டுதா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கசெட்தான் இன்று பெட்டியில் இருக்கிறது.

என்னிடமும் பழைய கசெட் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்துவிட்டது. எறிந்துவிடவா?

தயவுசெய்து எறியாதீர்கள். கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காத கசெட் குறைவு. கசெட்டின் சின்ன ஜன்னல் வழியாக டோர்ச் அடித்துப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாக, மா தூவின மாதிரி இருந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே பிளேயரில் போடாதீர்கள். நாடாவை வாசிக்கிற ஹெட் அழுக்காகும், அடுத்துப் போடுகிற கசெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, விளிம்பை உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள். பென்சிலைச் சக்கரத்தில் விட்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும். பொறுமை தேவை.

நாடா நல்லாக இருந்தும் சத்தம் மங்கலாக வந்தால், நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டைப் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருக்கும். என்னுடைய கசெட்டில் அதுதான் நடந்தது. கசெட்டின் பிளாஸ்டிக் கோது ஐந்து ஸ்குரூ போட்டதாக இருந்தால் கழற்றலாம். நான் ஒரு புதுக் கசெட்டைக் கழற்றி, பழைய நாடாவை இரண்டு சக்கரத்தோடும் தூக்கி அந்தக் கோதுக்குள் வைத்தேன். மூச்சுப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. நாடாவின் அகலம் நாலு மில்லிமீற்றர்கூட இல்லை, விரல் படாமல் தூக்க வேண்டும். ஸ்குரூ இல்லாமல் ஒட்டிய கோது என்றால் விசயம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எனக்கு அனுபவம் இருக்கிறது: ஒரு கடைக்காரர் என்னுடைய இன்னொரு கசெட்டைக் கத்தியால் நெம்பி நாடாவையே அறுத்துவிட்டார். அதிலிருந்த நாலு பாட்டில் ஒன்றைத்தான் ஒட்டி எடுக்க முடிந்தது.

பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டுக்குப் பஞ்சுக் குச்சியும் ஐசோபுரொபைல் அல்ககோலும் போதும். பிளேயரிலிருந்து வயர் போட்டுக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஃபோனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பதிவது வேண்டாம், மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும். முதலில் சுருக்காத பெரிய கோப்பாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சின்னதாக்குங்கள். இரைச்சலை மென்பொருளால் அதிகம் கழுவாதீர்கள், குரலின் கரகரப்பும் சேர்ந்து போய்விடும். மனோகரனிடம் அது போனால் என்ன மிச்சம்? கடைசியாக, கசெட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் உடைத்துவிடுங்கள். யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது.

இசைத்தட்டு இருந்தால்?

நேராக நிமிர்த்தி வையுங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். 45 சுற்று வேகத்துச் சின்னத் தட்டுகளில் பக்கத்துக்கு ஒரு பாட்டு, சிலவற்றில் இரண்டு இருக்கும். நடு லேபிளை நனைக்காமல் துடையுங்கள், அதில் இருக்கிற எழுத்துத்தான் பல பாட்டுகளுக்கு மிஞ்சியிருக்கிற பிறப்புச் சான்றிதழ்.

அவர் இறந்த செய்தியை எப்படி அறிந்தீர்கள்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஃபோனில் பார்த்தேன். கடைக்குப் போக வெளிக்கிட்டிருந்தேன், போய்த்தான் ஆக வேண்டும். ஒரு ஓட்டோ பிடித்து மெரின் ட்ரைவ் வழியாக வந்தேன். சாரதி அறுபது வயது மதிக்கத்தக்க சிங்களவர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். சுராங்கனி பாடின மனோகரன் செத்துப்போனார் என்றேன். "அப்போய்" என்றார். கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும்தான். பம்பலப்பிட்டிப் பக்கமாக ஒரு ரயில் எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகு அவர் ஹேண்டிலில் பெருவிரலால் தட்டத் தொடங்கினார். ஆறு எண்ணிக்கைதான், ஆனால் மிக மெதுவாக. அந்தப் பாட்டை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. மெதுவாகப் பாடினால் அது தாலாட்டு மாதிரி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லவியை அவர் பாடி முடித்து நிறுத்தினார். எனக்கு விளங்கியது. தமிழ் வரியை நான் எடுத்தேன். இறங்கும்போது மீதிக் காசை எண்ணித் தந்துவிட்டு "ஹொந்த மினிஹெக்" என்றார். நல்ல மனிதர் என்று அர்த்தம். அவரும் மனோகரனை நேரில் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கல்யாண வீட்டில் அவருடைய பாட்டைப் போடலாமா? ஒரு மறைவுக்குப் பிறகு சரியில்லையோ?

போடுங்கள். சாப்பாடு முடிந்து, சின்னப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடத் தொடங்குகிற நேரத்தில் போடுங்கள். அந்த நேரத்துக்கென்றே செய்த பாட்டுகள். ஸ்கூல் ட்ரிப் பஸ்ஸிலும், பள்ளிக்கூடக் கிரிக்கெட் பிக் மெச்சில் வருகிற பபரே வாத்தியக் குழுவிலும் அந்தத் தாளம் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: ரீமிக்ஸ் போட முதல் ஒரு தரமாவது அவருடைய குரலைப் போடுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பொப் அறிமுகம் செய்ய எதில் தொடங்குவது?

சுராங்கனியில்தான். எல்லோரும் அறிந்ததுதானே என்று தள்ள வேண்டாம், வாசல் அதற்குத்தான் இருக்கிறது. அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்து, பல்லவியைச் சிங்களத்தில் திருத்தமாகச் சொல்ல வையுங்கள். அடுத்த நாள் நித்தியின் சின்ன மாமி. பிறகு மனோகரனின் மற்றப் பாட்டுகள், முருகனைப் பைலாத் தாளத்தில் கூப்பிடுகிற "மால் மருகா"வை விட்டுவிடாதீர்கள். திருவிழாவில் வளர்ந்த பிள்ளை அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

ஜனவரி 22 அன்று என்ன செய்வீர்கள்?

பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னேரம் ஜன்னலைத் திறந்துவிட்டு அந்தக் கசெட்டைப் போடுவேன். கணினிப் பதிவு இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தரம் நாடாவையே ஓட விடுவேன். தேநீரும் வடையும். அயலட்டைப் பிள்ளைகள் வருவார்கள், ஆடுவார்கள். மேல்மாடி அன்ரி முழங்கால் நோவோடும் ஒரு பாட்டுக்கு எழும்பி நிற்பா.

உங்கள் பதிவில் ஒரு பாட்டு முடியும்போது யாரோ பேசுகிறார்களே, அதை வெட்டியிருக்கலாமே?

கசெட்டின் இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. மனோகரன் முடிக்கிறார், கிற்றார் இழுத்து ஓய்கிறது, அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு முன் குசினிக்குள் இருந்து அம்மா கூப்பிடுகிறா: "இஞ்சேருங்கோ, பாண் வாங்கினனீங்களோ?" அப்பா பதில் சொல்லவில்லை, பதிவு நடந்துகொண்டிருக்கிறதே. பட்டன் அமுங்குகிற சத்தம் கேட்கும். கணினிப் பதிவிலும் அது அப்படியே இருக்கிறது.